ஊர் சுற்றிய ரேம்ப்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. ஊருக்கு அவர் இஞ்சுடேப் சார். மற்றவர்கள் பெல்ட்டில் சாவிக்கொத்து தொங்கவிடும் இடத்தில் அவருக்கு இஞ்சுடேப் தொங்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா, கதவு போதிய அகலமா, கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி உண்டா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. சாய்தளம் என்பதெல்லாம் சட்டத்தில்தான். வாயில் எல்லாருக்கும் அது ரேம்ப்.

ஆள் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம், போகப்போக அப்படித் தோன்றாது. யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆய்வுக்குப் போன இடத்தில் டீ கொடுத்தால் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார். அவருடைய நேர்மை அந்தப் பாதி டம்ளரில் இருந்தது.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் ஒத்துழைக்கவில்லை. மற்றதெல்லாம், குறிப்பாக வாய், நன்றாகவே ஒத்துழைத்தது. வேதியியல் படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் படி இருந்ததால், எதிர்வரிசையில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் நடந்த ட்யூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே சம்பளம் இல்லாத குறைதான், படி இல்லை.

அவர்கள் வீட்டு வாசலிலும் இரண்டு படி. காலையில் அவளை நாற்காலியோடு சாய்த்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்து ஏற்றுவார். ஏற்றும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். ஆகவே அவள் எப்போதும் தெருவைப் பார்த்தபடி, முதுகு முன்னால் போக, வீட்டுக்குள் நுழைவாள். அவர் வரத் தாமதமானால் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தன் வீட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரேம்ப் அளக்கிற ஆய்வாளர் வீட்டில் ஏன் ரேம்ப் இல்லை என்று அக்கம்பக்கத்தில் யாராவது வாய் தவறிக் கேட்டால் அவர் சிரித்துக்கொள்வார். வீடு பொதுக் கட்டடம் அல்ல, சட்டம் அங்கே வராது. தவிர, அதுதான் அவர் இருக்கிறாரே. சின்ன வயதில் அவளை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். "இத்தனை வருஷமா தூக்கறேன், ஒரு நாள் சலிச்சிருப்பேனா?" என்பார். உண்மைதான், சலித்ததே இல்லை. தங்கைக்குச் சலித்ததா என்று மட்டும் கேட்கத் தோன்றியதில்லை.

இனி ரேம்ப் விஷயத்துக்கு வருவோம்.

ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கட்டடக்காரர்கள் ஆயத்தமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் யாரோ எழுதிவைத்தது. கட்டடக்காரர்களும் ஆயத்தமாகவே இருந்தார்கள். ஒரு தடவை வங்கி ஒன்றுக்குப் போனார். வாசலில் இரும்பு ரேம்ப் ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு துண்டு, நடுவில் போல்ட் போட்டு இணைத்தது. மேலே வழுக்காத தகடு, பச்சை பெயின்ட், உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுக் கால்கள். அளந்தார், சரிவு அச்சாகச் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார்.

அடுத்து சினிமா தியேட்டர். அங்கேயும் ஒரு பச்சை ரேம்ப். ஒரே பட்டறையில் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர் கிளம்பும்போது சரக்கு வேன் ஒன்று பின்னால் வந்து ரேம்ப்பின் ஓரத்தில் இடித்து, அது காதுமடல் மாதிரி வளைந்துபோனதைக் கண்ணால் பார்த்தார். அதற்கடுத்துப் பல் மருத்துவமனை. பச்சை ரேம்ப். ஓரத்தில் காதுமடல்.

தெரிந்தவர் வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும். இஞ்சுடேப் சார் ரேம்ப்பைத் தெரியாததுபோல நடந்துகொண்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் தரையில் மண்டியிட்டு ஒழுங்காக அளந்தார். ஒரே ரேம்ப்பைப் புதிதாக அளப்பதில் ஒரு மனச்சாந்தி இருந்தது.

ரேம்ப் ஒரு வெல்டிங்காரருடையது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை. ஆய்வு நோட்டீஸ் வந்தவர்கள் சாமியானா சொல்வதுபோல அவரிடம் சொல்லிவிடுவார்கள். முதல் நாள் வேனில் போய் இறங்கும், கையெழுத்து ஆனதும் கழற்றி ஏற்றிவிடுவார். சரிவு ஏன் எப்போதும் சரியாக இருந்தது என்றால், அதை எப்படி வைக்க வேண்டும் என்று பட்டறையில் சாக்பீஸால் வரைந்து காட்டியவரே இஞ்சுடேப் சார்தான். சட்டத்தில் ஆர்வம் காட்டும் தொழிலாளி ஒருவரைக் கண்ட சந்தோஷத்தில் அன்றைக்கு மணிக்கணக்காக விளக்கியிருந்தார்.

ஏன் கண்டும் காணாமல் இருந்தார்? 'ஆய்வின்போது சாய்தளம் உள்ளதா?' என்பதுதான் படிவத்தின் கேள்வி. ஆய்வின்போது இருந்தது. இல்லை என்று எழுதினால் கட்டடக்காரருக்கு அவகாசம் கிடைக்கும், அவகாசம் முடிந்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அந்தக் கோப்புகள் அலுவலக அலமாரியில் குடும்பம் நடத்தும். எப்படி எழுதினாலும் படி படியாகவேதான் இருக்கப் போகிறது. இதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று உண்டு. மூன்று படியெல்லாம் ஒரு விஷயமா, தூக்கிவிட்டால் போயிற்று என்று அவர் உள்ளூர நம்பினார்.

அப்படியிருக்கும்போது தங்கைக்கு வேலை வந்தது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் ஒதுக்கிய இடம். அரசாங்கத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வக உதவியாளர். ஊரின் குழாய்த் தண்ணீர் எல்லாம் பாட்டில் பாட்டிலாக அங்கே வரும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷம் விண்ணப்பித்துக் கிடைத்தது. தகுதிகாண் காலம் முடியும்வரை வருகை ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கடிதத்தைப் படித்து மடித்து வைத்தாள். ட்யூஷன் சென்டரில் மட்டும் அன்றைக்கு எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டாள்.

முதல் நாள் அண்ணனும் கூடப் போனார். வாடகை வண்டி பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றது. மூன்று படி. ரேம்ப் இல்லை. தரையில் திருகுக் கால்கள் அழுந்திய தடம் மட்டும் இருந்தது. அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அளந்தது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"தூக்கிடறேன்" என்றார் அவசரமாக.

"சேர்ற நாளாச்சேன்னு ஒத்துக்கறேன்" என்றாள் தங்கை.

காவலாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உள்ளே கூடத்தின் மேலாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மரியாதையாக வரவேற்றார். வாசலில் ரேம்ப் இல்லையே என்று அவள் கேட்டதற்கு அவர் மனம் புண்பட்டது.

"ரேம்ப் இருக்கும்மா. பாருங்க, மாட்டியே வெச்சிருக்கோம்."

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. இக்கட்டடத்தில் விதிப்படியான சாய்தளம் உள்ளது. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தைத் தங்கை சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறாள். அவளுடைய ரிப்போர்ட் கார்டில் அப்பாவுக்குப் பதிலாக அண்ணன்தான் அதைப் போட்டுக்கொடுப்பார். அவள் சான்றிதழையும் பார்த்தாள், அண்ணனையும் பார்த்தாள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"அளந்து பாத்துத்தான் போட்டேன். சரிவு கரெக்டா இருந்தது."

"நான் அதக் கேக்கல."

அவர் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார். பிறகு, "காலைல நான் வந்து தூக்கிவிடறேன், சாயங்காலம் எறக்கறேன். எனக்கு அந்த வழிதானே" என்றார்.

"உனக்கு உடம்பு சரியில்லன்னா? நீ வெளியூர் போனா? நடுவுல எனக்கு ஒரு டீ குடிக்க வெளிய வரணும்னா?" கத்தி நிற்கவில்லை. "நீ தூக்கற வரைக்கும் உனக்குப் படி கண்ணுக்கே தெரியாதுண்ணா. எனக்கு அது மட்டுந்தான் தெரியுது."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. இத்தனை காலம் தூக்கியதற்கு இப்படி ஒரு பேச்சா என்றுகூட ஓடியது. சாப்பிடாமல் படுத்தார். பசித்தது, எழுந்துபோய்ச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் காவலாளிதான் அவளைத் தனியாகப் படியேற்றினார். அடுத்த வாரம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தங்கை அண்ணனைக் கூப்பிடவில்லை. படிக்குக் கீழே நாற்காலியை நிறுத்திக்கொண்டு, மேலாளரின் ஜன்னலுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். மேலாளர் அவளைப் பார்த்தார். வணக்கம் வைத்தாள், பதில் வணக்கம் வைத்தார். பிறகு வருகைப் பதிவில் அவளுக்கு நேராக 'வரவில்லை' என்று குறித்தார். மனிதர் கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர்.

மறுநாளும் அதுவே நடந்தபோது ஜன்னலைத் திறந்து, "ஏம்மா வெளியவே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"உள்ள வர வழி இல்ல சார்."

"சான்றிதழ்ல ரேம்ப் இருக்குன்னு இருக்கேம்மா. நான் இல்லன்னு எப்படி எழுத முடியும்?"

"அப்ப அந்தச் சான்றிதழக் கழட்டிப் படி மேல சாய்ச்சு வைங்க சார். ஏறி வந்துடறேன்."

மேலாளர் இதை யோசித்துப் பார்த்து, அளவு போதாது என்ற முடிவுக்கு வந்து, ஜன்னலைச் சாத்தினார்.

இப்படியே இன்னும் சில நாள் போனால் வேலை போய்விடும் என்பது அவளுக்கும் தெரிந்தது, மேலாளருக்கும் தெரிந்தது. தங்கை அங்கிருந்து நேராக அண்ணனின் அலுவலகத்துக்குப் போனாள். அந்த அலுவலகத்தில் ரேம்ப் இருந்தது. ஊரிலேயே கழற்றி எடுத்துப்போக முடியாத ரேம்ப் அது ஒன்றுதான். அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கவைத்து, உள்ளே போய், புகார் எழுதிக் கொடுத்தாள். தலைமை அதிகாரி, எல்லாரும் மேடம் என்று அழைக்கும் அம்மாள், படித்துவிட்டு ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

"மறு ஆய்வு. உங்க கையெழுத்த நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க."

"புகார் குடுத்தது என் தங்கச்சி மேடம். வேற யாரையாவது..."

"வேற ஆள் எங்க இருக்கு? இந்த மாவட்டத்துக்கே இஞ்சுடேப் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு."

நோட்டீஸ் போயிற்று. குறித்த நாள் காலையில் அவர் போனபோது ரேம்ப் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பச்சை, காதுமடல், எல்லாம். தெருமுனையில் வெல்டிங்காரரின் வேன் நின்றது. பக்கத்திலேயே அடுத்த வாடிக்கையாளரான தியேட்டர்காரர் தன் ஆளை அனுப்பிவைத்திருந்தார். அங்கே இந்த வருஷத்து ஆய்வு மறுநாள்.

மண்டியிட்டு அளந்தார். சரியாக இருந்தது. படிவத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், திறந்த ஜன்னல் வழியே தங்கை தெரிந்தாள். ரேம்ப்பில் தானாக ஏறி உள்ளே போயிருக்கிறாள். வெள்ளைக் கோட்டு. ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ எதையோ கேட்க, கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். கேட்டவர் அதை எழுதிக்கொண்டார். அவள் சொன்னதை இத்தனை வருஷத்தில் யாராவது இப்படிக் கேட்டு எழுதிக்கொண்டதை அவர் கண்டதில்லை.

பேனாவைக் கீழே வைக்கவில்லை, ஆனால் எழுதவும் இல்லை. 'சரி' என்று எழுதினால் ரேம்ப் வேனில் ஏறிவிடும். 'சரியில்லை' என்று எழுதினாலும் ஏறிவிடும், கூடவே அவகாசமும் பிறந்துவிடும். நோட்டீஸ் கொடுத்த நாள் முதல் ஆய்வு முடியும்வரை கட்டடத்தில் எதையும் அகற்றவோ மாற்றவோ கூடாது என்று விதியில் ஒரு வரி உண்டு. இத்தனை நாள் ஆய்வு ஒரு டீ நேரத்தில் முடிந்துவிட்டதால் அந்த வரிக்கு வேலை வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால், சட்டம் உயிரோடு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இஞ்சுடேப் சார் பேனாவை மூடினார்.

"முடிஞ்சுதா சார்?" என்றார் மேலாளர்.

"இல்ல. ஈரத்துல வழுக்குதான்னு பாக்கணும்."

மேலாளர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பரிசோதனைக் கூடம், தண்ணீருக்கா பஞ்சம்?

"வாளித் தண்ணி ஆகாது. மழையில நனைஞ்ச நிலையில பாக்கணும்னு விதி. படிச்சுக் காட்டவா?"

உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருந்தது. அவர் அதுவரை ஒருமுறைகூட அதை அமல்படுத்தியதில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். கோடை தொடங்கியிருந்தது. பொட்டு மேகம் இல்லை.

"மழை எப்ப சார் வரும்?"

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் அவர்.

அன்றிலிருந்து ரேம்ப் அங்கேயே இருந்தது. தங்கை தினமும் நேரத்துக்கு வந்தாள். நடுவில் வெளியே வந்து டீ குடித்துவிட்டுப் போனாள். டீ வேண்டாத வேளையிலும் ஒருமுறை வந்து போனாள்.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. தியேட்டரில் ஆய்வு, ரேம்ப் இல்லை. வங்கியில் மறு ஆய்வு, ரேம்ப் இல்லை. இஞ்சுடேப் சார் அங்கெல்லாம் குறித்த நாளில் போய், வெற்றுப் படியின் முன் பொறுமையாக மண்டியிட்டு, அளப்பதற்கு எதுவும் இல்லாததை அளந்து, ஆய்வு முடியவில்லை என்று எழுதிவிட்டு, மறுநாளும் போனார். அவகாசம் கேட்டவர்களிடம் ஆய்வு முடிந்தால்தானே அவகாசம் என்று விளக்கினார். அவர் வாசலில் மண்டியிட்டிருப்பதைத் தாண்டித்தான் வாடிக்கையாளர்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் மெதுவாக, முழுமையாகப் பதில் சொன்னார். பல் மருத்துவர்தான் முதலில் பொறுமை இழந்து கொத்தனாரைக் கூப்பிட்டார். பிறகு தியேட்டர். பிறகு வங்கி.

வெல்டிங்காரர் ஒரு நாள் வழிமறித்தார்.

"சார், என் ரேம்ப்ப எப்ப விடுவீங்க? ஊருக்கே அது ஒண்ணுதானே இருக்கு."

"அப்படியா?" என்றார் இஞ்சுடேப் சார். "எனக்கு ஊர் பூரா ரேம்ப் இருக்கறதா ஞாபகம். என் கையெழுத்தே இருக்கே."

வெல்டிங்காரர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "கைப்பிடிக் கம்பி வேலை நிறைய வருது சார், அதச் சொல்லணும்" என்றார்.

மேடம் கூப்பிட்டனுப்பியபோது தொலைபேசி ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். அது அங்கிருந்தே யாருடைய குரலிலோ கத்திக்கொண்டிருந்தது.

"ஆய்வ முடிச்சிடுங்க."

"மழை வரணும் மேடம். வேணும்னா, மழைவிதியப் பாக்காம முடின்னு எழுத்துல குடுங்க, முடிச்சிடறேன்."

மேடம் ரிசீவரை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார். சட்டத்தை மீறச் சொல்லி எழுத்தில் கொடுக்க அவர் பைத்தியம் இல்லை. "நல்லா வேலை செய்யறீங்க" என்றார், குறை சொல்லும் குரலில். "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

அந்தக் கேள்வி மட்டும் தைத்தது.

பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் கடைசிவரை தாக்குப்பிடித்தார். ஆனால் ரேம்ப்புக்கு நாள்வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வாடகையை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கணக்குப் பிரிவு அவரைக் குடைந்தது, இருப்பதாகச் சான்றிதழ் உள்ள ஒன்றுக்கு வாடகை எதற்கு என்று கேட்டது. நியாயமான கேள்வி. மேலாளர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மூன்று படிகளையும் உற்றுப் பார்த்தார். வாசல் அகலமானது. இரும்பு ரேம்ப்பை எடுக்கத்தான் கூடாது, பக்கத்தில் சிமென்ட்டில் ஒன்று கட்டினால்? இஞ்சுடேப் சாரிடம் கேட்டார். பக்கத்தில் கட்டுவது மாற்றம் ஆகாது, சேர்க்கை என்று அவர் அபிப்பிராயம் தெரிவித்தார்.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது, நேரங்கெட்ட நேரத்தில், மேகம் கூடிக் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மேலாளர் குடை பிடித்து வாசலில் நின்று ஆய்வாளரை எதிர்பார்த்தார். இப்போதே முடித்துவிட்டால் சிமென்ட் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆய்வாளர் வரவில்லை. பணியில் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று விடுப்பு எடுக்காதவர், அன்றைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தார். வீட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தார். சாயங்காலம் நனைந்தபடி வந்த தங்கையை ஏற்றிவிட எழுந்து ஓடினார்.

"காய்ச்சல்காரன் ஓடக் கூடாது" என்றாள் அவள். கொஞ்ச நாளாக அவள் குரலில் பழைய கேலி திரும்பியிருந்தது. முதுகு முன்னால் போக, படியேறியபடியே சொன்னாள்: "இங்கயும் ரெண்டு படி இருக்குண்ணா."

"நான் இருக்கேன்ல?"

"அதத்தான் சொல்றேன்."

அவர் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

சிமென்ட் காய்ந்தது. கைப்பிடிக் கம்பியை வெல்டிங்காரரே வந்து பொருத்தினார். இரண்டாவது மழை பெய்த அன்று இஞ்சுடேப் சார் குடையோடு ஆஜரானார். தங்கை நனைந்துகொண்டே சிமென்ட் ரேம்ப்பில் ஏறி, இறங்கி, நடுவில் நிறுத்திப் பார்த்து, மறுபடி ஏறினாள். மேலாளர் ஜன்னலிலிருந்து பார்த்து வணக்கம் வைத்தார். ஆய்வாளர் பேனாவைத் திறந்து, எழுதி, தேதி போட்டார். ஆய்வு முடிந்தது.

மறுநாள் மேடம் ஓர் உறையைக் கொடுத்தார். இடமாற்றம். தொலைவில் வேறொரு மாவட்டம். "அங்க ஊருக்கு ஒரு ரேம்ப்கூட இல்லையாம். நீங்க இருந்தா நல்லதுன்னு மேல நினைக்கறாங்க" என்றார். தண்டனை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அவருக்கு ஊர் மாறுவது பற்றிக் கவலை இல்லை. பேருந்தில் வரும்போது கண்முன் நின்றது இரண்டு படிதான். காலையில் யார் இறக்குவார்கள்? சாயங்காலம் யார் ஏற்றுவார்கள்? ட்யூஷன் சென்டர்காரரிடம் சொல்லிவைக்கலாம். அவர் இல்லாத நாளில்? ஒரு நாள் தவறினால் 'வரவில்லை' என்று குறிப்பார்கள், இந்த முறை அது சரியாகவும் இருக்கும். ஊர் முழுக்க வாசல் வாசலாக மண்டியிட்டுவிட்டு, தன் வாசலில் ஒருமுறைகூட மண்டியிடாமல் விட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவளைத் தூக்கவில்லை, அடைத்து வைத்திருந்தோம் என்று நினைத்தபோது பேருந்தின் கூட்டத்தில் நின்றபடி அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் இடம் விட்டு எழுந்தார்.

தெருவுக்குள் திரும்பினால் வீட்டு வாசலில் சரக்கு வேன் நின்றது. வெல்டிங்காரர் குனிந்து திருகுக் கால்களை முறுக்கிக்கொண்டிருந்தார். பச்சை ரேம்ப், காதுமடல் தெருப்பக்கமாக, இரண்டு படிக்கு மேல் சாய்ந்திருந்தது.

"வாடகைக்கு இல்ல சார்" என்றார் வெல்டிங்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "உங்க தங்கச்சி சம்பளத்துல வாங்கிட்டாங்க. இனிமே இத யாரு கேக்கப் போறாங்க, எல்லாருந்தான் கட்டிட்டாங்களே."

தங்கை நாற்காலியில் கீழே காத்திருந்தாள். இஞ்சுடேப் சார் பழக்கதோஷத்தில் அவள் பின்னால் போய்க் கைப்பிடிகளைப் பிடித்தார்.

"கைய எடு" என்றாள்.

எடுத்தார். எடுத்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெல்ட்டிலிருந்து இஞ்சுடேப்பை உருவினார். மண்டியிட்டு, தன் வீட்டு வாசலை முதல்முறையாக அளந்தார். உயரம், நீளம், சரிவு. அவசரப்படாமல் இன்னொரு தடவையும் அளந்தார்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வழிய விடு."

அவர் எழுந்து ஓரமாக நின்றார். அவள் சக்கரத்தைத் தள்ளினாள். இரும்பு ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. அவள் பிறந்து வளர்ந்த வீடுதான் அது. அன்றைக்குத்தான் வாசலை நேருக்கு நேர் பார்த்தபடி அதற்குள் போனாள்.